பிளாட்டரும் பிளாட்டினியும் விடுதலை. அப்ப ஃபிஃபாவுல ஊழலே நடக்கலீங்களா?

ஊத்துக்குளி ரோடு | 26 மார்ச் 2025, காலை 8.10

உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவோட முன்னாள் தலைவர் பிளாட்டர், ஐரோப்பியக் கூட்டமைப்போட முன்னாள் தலைவர் பிளாட்டினி, ரெண்டு பேரையும் நேத்து சுவிட்சர்லாந்துல மேல்முறையீட்டுக் கோர்ட்டும் விட்டுருச்சு. 2022 ஜூலையில ஒருக்கா விட்டாங்க, இப்ப மறுக்கா. பத்து வருஷமா திருடன் திருடன்னு எழுதுனவங்க என்ன சொல்றீங்க? 2022 உலகக் கோப்பை கெடைக்காத கடுப்புல அமெரிக்கா கெளப்புன கேஸுன்னு அப்பவே சொன்னேன்.

நூல்கணக்கு | 26 மார்ச், இரவு 9.45

விடுதலை ஆனது ஒரே ஒரு பில்லு விசயத்துல தானுங்க. அந்தப் பில்லை மட்டும் முதல்ல பாத்துரலாம்.

பிளாட்டினி 1998-லிருந்து 2002 வரைக்கும் பிளாட்டருக்கு ஆலோசகர். 1999 ஆகஸ்டுல எழுத்து மூலமா ஒப்பந்தம், வருஷத்துக்கு 3 லட்சம் சுவிஸ் பிராங்க். அது அப்பப்ப வந்துருச்சு. பொறவு 2011 ஜனவரியில திடீர்னு 20 லட்சம் பிராங்குக்கு பில் வெக்கறாரு, பிப்ரவரியில பணம் போயிருது. ரெண்டு பேரும் சொன்ன காரணம்: "வருஷத்துக்கு 10 லட்சம்னு வாய்ப்பேச்சு, பாக்கியைத் தான் கேட்டோம்."

இப்ப கணக்குப் போடுங்க. பத்துல மூணு போனா ஏழு. நாலு வருஷத்துக்கு 28 லட்சம் வரணும். பில்லு 20 லட்சம். ஏன்னு கேட்டதுக்கு, வருஷம் 5 லட்சம் வாங்குனதா தப்பா ஞாபகம் வெச்சிருந்தேன்னு பிளாட்டினி சொன்னாரு. தனக்கு வரவேண்டிய 8 லட்சத்தை மறந்துட்டு ஒருத்தர் பில் போடுவாரான்னு கேட்டா, போடமாட்டாருன்னு நம்ம ஊரு அக்கவுண்டன்ட் எல்லாருமே சொல்லுவாங்க. ஆனா கிரிமினல் கோர்ட்டு கேக்கற கேள்வி வேற. வாய்ப்பேச்சே நடக்கலைன்னு அரசுத் தரப்பு நிரூபிக்கணும். அதை அவங்களால நிரூபிக்க முடியல, சந்தேகத்தின் பலன் இவங்களுக்குப் போச்சு.

ஃபிஃபாவோட சொந்த ஒழுங்குக் குழுவுக்கு அவ்வளவு ஆதாரம் வேண்டியதில்லை. 2015 டிசம்பர்ல ரெண்டு பேருக்கும் 8 வருஷத் தடை. பொறவு ஃபிஃபா அதை 6 ஆக்குச்சு, பிளாட்டினிக்கு விளையாட்டு நடுவர் மன்றம் 4 ஆக்குச்சு. அந்தத் தடை பொய்யின்னு நேத்து வந்த தீர்ப்பு சொல்லல.

பில்லு வந்த காலத்தையும் கவனியுங்க. 2011 ஜூன்ல பிளாட்டருக்குத் தலைவர் தேர்தல். பிளாட்டினி அப்ப ஐரோப்பியக் கூட்டமைப்போட தலைவர், 53 ஓட்டு அவரு பக்கம்.

ஊத்துக்குளி ரோடு | 26 மார்ச், இரவு 10.20

சரிங்க. சாயப்பட்டறையில இருந்து நிட்டிங் வரைக்கும் நம்மூர்லயும் பாதி வேலை வாய்ப்பேச்சுல தானே ஓடுது? அதைத் தப்புன்னு எப்படிச் சொல்றது?

நூல்கணக்கு | 27 மார்ச், காலை 6.50

வாய்ப்பேச்சு தப்பில்லைங்க. ஆனா ஜாப் ஒர்க்காரர் எட்டரை வருஷம் கழிச்சுப் பாக்கி கேக்க மாட்டாரு. அடுத்த மாசம் பீஸ் தர்றதுக்கு முந்தியே கேட்டுருவாரு.

அமெரிக்கா விசயத்துக்கு வர்றேன். 2015 மே 27, சூரிச் பாவர் ஓ லாக் ஹோட்டல். விடியக்காலையில கால்பந்து அதிகாரிங்க 7 பேரைப் பிடிச்சாங்க. குற்றப்பத்திரிகையில 14 பேரு, 47 குற்றச்சாட்டு, 24 வருஷத்துல 15 கோடி டாலருக்கு மேல லஞ்சம். பிளாட்டினி பில்லு இதுல இல்லை. ரெண்டும் வேற வேற கேஸு. பத்திரிகைக்காரங்க ஒட்டுக்கா சேத்து எழுதறதால, ஒண்ணுல விடுதலை ஆனா எல்லாமே பொய்யின்னு ஆயிருது.

பராகுவேக்காரர் அர்ஜென்டினாக்காரர் கிட்ட லஞ்சம் வாங்குனா அமெரிக்காவுக்கு என்னங்க வேலை? ஏற்றுமதி பண்றவங்க பேங்குல ஸ்விஃப்ட் காப்பி (பணம் வந்த விவரச் சீட்டு) வாங்கிப் பாருங்க. ஜெர்மனி பையர் டாலர்ல அனுப்புனாலும், நடுவுல நியூயார்க் பேங்க் ஒண்ணோட பேரு இருக்கும். இன்வாய்ஸ் தொகையில இருபது முப்பது டாலர் குறைஞ்சு வருதுல்ல, அது அந்த நடு பேங்க் எடுத்த கட்டணம். லஞ்ச டாலரும் அதே வழியில தான் போச்சு. பணம் நியூயார்க்கைத் தொட்டவுடனே அங்கத்த வயர் (மின்வழித் தகவல்) மோசடிச் சட்டமும், மாஃபியாவுக்குன்னு கொண்டுவந்த ரிக்கோ சட்டமும் பாயும்.

லெஃப்ட் பேக் | 27 மார்ச், மதியம் 1.15

தொட்டா பாயும்னா உலகத்துல பாதி பேரை உள்ள வெக்கலாமே? இவங்களை மட்டும் பிடிச்சதுல அரசியல் இல்லீன்னா சொல்றீங்க?

நூல்கணக்கு | 27 மார்ச், இரவு 10.05

இருக்குதுங்க. ஆனா ஆரம்பிச்சது வருமான வரியில. சக் பிளேஸர்னு ஒரு அமெரிக்கர், வட அமெரிக்கக் கூட்டமைப்போட பொதுச் செயலர். வர்ற ஒப்பந்தம் எல்லாத்துலயும் பத்து சதவீதம் எடுத்தவரு. 2005-லிருந்து 2010 வரைக்கும் வரிக் கணக்கே தாக்கல் பண்ணல. 2011-ல வரித்துறை மடக்குச்சு. உள்ள போறியா, உளவு சொல்றியான்னு கேட்டாங்க. 2012 லண்டன் ஒலிம்பிக் சமயத்துல சாவிக்கொத்துல மைக் வெச்சு சக அதிகாரிங்க பேச்சைப் பதிவு பண்ணிக் குடுத்தாரு. 2013 நவம்பர்ல குற்றத்தை ஒத்துக்கிட்டாரு.

கடுப்புல தான் தோண்டுனாங்கன்னே வெச்சுக்கலாம். தோண்டுன எடத்துல பொணம் கெடச்சுதா இல்லையாங்கறது தான் கேள்வி. கெடச்சுது. ரெண்டு டஜனுக்கு மேல ஆளுங்க தாங்களே குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க.

நூல்கணக்கு | 28 மார்ச், இரவு 9.30

லஞ்சம் எந்த எடத்துல பொறக்குதுன்னு நேத்து சொல்லாம விட்டுட்டேன். எனக்கு இது தான் முக்கியம்.

பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல மஞ்சள் மறைமுக ஏலம் எப்படி நடக்குதுன்னு இங்க நெறைய பேருக்குத் தெரியும். மூட்டையில இருந்து மாதிரி எடுத்து வெச்சிருப்பாங்க. வியாபாரி விரலி, கிழங்கு பாத்து, ஒடிச்சுப் பாத்து, லாட் நம்பருக்கு நேரா வெலையைச் சீட்டுல எழுதிப் போடுவாரு. ஒருத்தர் சீட்டு ஒருத்தருக்குத் தெரியாது. அதிக வெலை எதுவோ அது விவசாயிக்குச் சொல்லப்படும். புடிக்கலீன்னா விவசாயி மாட்டேன்னு சொல்லலாம்.

தென் அமெரிக்க நாடுகள் ஆடற கோபா அமெரிக்கா போட்டியோட டிவி உரிமைக்கு இந்த ஏலம் நடக்கல. 2013-ல டாட்டிசான்னு மூணு கம்பெனி கூட்டு. 2015, 2019, 2023 போட்டிகளும், 2016 நூற்றாண்டுப் போட்டியும் சேத்து 31.75 கோடி டாலர். போட்டிக்கு வேற யாரும் இல்லை. குற்றப்பத்திரிகைப்படி அதுக்குப் பேசின லஞ்சம் 11 கோடி டாலர், கைது நடந்தப்ப 4 கோடி குடுத்து முடிச்சிருந்தாங்க. லஞ்சம் குடுத்தும் கம்பெனிக்கு லாபம் வருதுன்னா, உரிமையோட உண்மையான வெலை அந்தத் தொகைக்கும் மேல. அந்த வித்தியாசம் முழுக்க பராகுவே ஆசன்சியோன்லயும் பொலிவியா லா பாஸ்லயும் மைதானம் போடவேண்டிய பணம். யாரும் பாதிக்கப்படலைன்னு சொல்ற நாயம் இங்க தான் உடையுது.

பணம் போற பாதை எப்பவும் ஒரே மாதிரி. கூட்டமைப்பு உரிமையைக் கம்பெனிக்கு விக்குது. கம்பெனி இன்னொரு பேர்ல இருக்கற கம்பெனிக்கு "ஆலோசனைக் கட்டணம்" குடுக்குது. அது பனாமா, உருகுவே, சுவிஸ் கணக்கு வழியா அதிகாரிக்குப் போகுது. ஆலோசனைக்கு அறிக்கை கேட்டா ஒரு பக்கம் கூட இருக்காது.

நொய்யல் கரை | 29 மார்ச், காலை 11.00

இதுக்கு முந்தியும் நடந்துதே. ஐஎஸ்எல்னு சுவிஸ் கம்பெனி (நம்ம லீக் இல்லைங்க). அடிடாஸ் ஹோர்ஸ்ட் டாஸ்லர் 1982-ல ஆரம்பிச்சது. ஃபிஃபா உரிமையெல்லாம் அங்க தான் போச்சு. 2001-ல திவால் ஆனப்ப கணக்குப் புத்தகம் வெளிய வந்துது.

நூல்கணக்கு | 29 மார்ச், இரவு 8.40

நல்லவேளை ஞாபகப்படுத்துனீங்க. அதுல ஒரு எடம் இருக்குது. 1997-ல ஃபிஃபா தலைவர் ஹாவலாஞ்சுக்குப் போகவேண்டிய 15 லட்சம் பிராங்க், தவறுதலா ஃபிஃபா ஆபீஸ் கணக்குலயே வந்து விழுந்துருச்சு. தலைவர் பேருக்கு, ஒப்பந்தக்காரர் கிட்ட இருந்து. அப்பப் பொதுச் செயலர் யாரு? பிளாட்டர். பணத்தைத் திருப்பித் தாட்டி விட்டாங்க, விசாரணை இல்லை. பின்னால ஒழுங்குக் குழு நீதிபதி பிளாட்டர் நடந்துக்கிட்டதை "சாமர்த்தியக் குறைவு"ங்கற அளவுல முடிச்சாரு. ஹாவலாஞ்சோட மருமகனா இருந்த பிரேசில் சங்கத் தலைவர் டெய்செய்ராவுக்கு 1.27 கோடி பிராங்குக்கு மேல போச்சு.

யாரும் ஜெயிலுக்குப் போகல. ஏன்னா அந்தக் காலத்துல சுவிஸ்ல தனியார் அமைப்பு ஆளு கமிஷன் வாங்கறது குற்றமே இல்லை. ஃபிஃபா அந்த ஊரு சிவில் சட்டப்படி ஒரு சங்கம், அவ்வளவு தான். புகார் இல்லாமலே தனியார் லஞ்சத்தை விசாரிக்கலாம்னு சட்டம் வந்தது 2016 ஜூலை 1-ல.

நூல்கணக்கு | 30 மார்ச், காலை 7.15

கூட்டுறவு சங்கத் தேர்தல் பாத்தவங்களுக்கு ஃபிஃபாவை வெளக்கவே வேண்டாம். 211 உறுப்பினர், ஆளுக்கு ஒரு ஓட்டு. பிரேசிலுக்கும் ஒண்ணு, சில ஆயிரம் பேரே இருக்கற மான்ட்செராட்டுக்கும் ஒண்ணு. 2023-லிருந்து 2026 வரைக்கும் ஒரு சங்கத்துக்கு 80 லட்சம் டாலர் வரைக்கும் வளர்ச்சி நிதி. ஜெர்மனிக்கு அது சில்லறை. சின்னத் தீவுக்கு அது தான் வருமானமே. கடன் பட்டுவாடா பண்ற கையே ஓட்டும் கேட்டா என்ன ஆகும்? ஐரோப்பா தலைவரை எதுத்து நின்னு யாருமே ஜெயிக்க முடியாது.

2018, 2022 உலகக் கோப்பைக்கு 2010 டிசம்பர் 2-ல ஓட்டுப் போட்டது 211 பேர் கூட இல்லை, செயற்குழு 24 பேர் தான். 24 பேரை மடக்கறது 211 பேரை மடக்கறதை விடச் சுலபம்.

நூல்கணக்கு | 30 மார்ச், காலை 9.40

ரெண்டு திருத்தம். ஓட்டுப் போட்டது 22 பேர். நைஜீரியாவோட அடாமு, தாகித்தியோட டெமரி ரெண்டு பேரும் மாறுவேஷத்துல வந்த நிருபர்கிட்ட ஓட்டுக்கு விலை பேசி மாட்டி, முன்னாடியே இடைநீக்கம். 2022-க்குக் கடைசிச் சுற்றுல கத்தார் 14, அமெரிக்கா 8. அதுக்கு ஒன்பது நாளைக்கு முன்னாடி, நவம்பர் 23, பிரெஞ்சு ஜனாதிபதி மாளிகையில சர்கோசி, கத்தார் பட்டத்து இளவரசர், பிளாட்டினி ஒட்டுக்கா மதியச் சாப்பாடு. பிளாட்டினி ஓட்டு கத்தாருக்கு. சர்கோசி சொல்லிப் போடலைன்னு அவரு சொல்றாரு. 2011-ல பாரிஸ் கிளப்பைக் கத்தார் வாங்குச்சு. இதுல கவர் கைமாறுனதா நிரூபணம் ஆகல. விமானம், எரிவாயு, டிவி உரிமை பேசற மேசையில பந்தும் ஒரு ஓரமா இருந்துது.

இன்னொண்ணு, "ஐரோப்பா தலைவரை"ன்னு எழுதிட்டேன். "ஃபிஃபா தலைவரை"ன்னு படிங்க.

லெஃப்ட் பேக் | 2 ஏப்ரல், இரவு 11.10

கவர் கைமாறுன கதையும் இருக்குல்ல. 2011 மே, டிரினிடாட். ஆசியக் கூட்டமைப்புத் தலைவரா இருந்த கத்தார்க்காரர் முகமது பின் ஹம்மாம், ஃபிஃபா தலைவர் தேர்தல்ல பிளாட்டரை எதுத்து நின்னாரு. கரீபியன் சங்கத்துக்காரங்களை ஹோட்டலுக்கு வரச்சொல்லி, ஒவ்வொருத்தருக்கும் பழுப்புக் கவர்ல 40,000 டாலர். ஒரு சிலர் போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க. நம்மூர் தேர்தல்ல வீட்டுக்கு வீடு வர்ற கவர் மாதிரியே தான்.

மேட்ச் ஃபிக்ஸிங் பத்தி யாருமே பேசலையே? அதுல நம்ம ஆளு பேரு ஒண்ணு அடிபடுமே.

நூல்கணக்கு | 4 ஏப்ரல், இரவு 9.00

வில்சன் ராஜ் பெருமாள், சிங்கப்பூர்த் தமிழர். 2011-ல பின்லாந்து ரோவானியெமியில போலி பாஸ்போர்ட்டோட பிடிபட்டு, ஆட்டக்காரங்களுக்குக் காசு குடுத்த வழக்குல ரெண்டு வருஷம் தண்டனை. பேரைப் பாத்துப் பெருமைப்பட ஒண்ணுமில்லைங்க.

செய்முறை சொல்றேன், ஏன்னா பாக்கறவங்களுக்கு அடையாளம் தெரியணும். ஆசிய ஹாண்டிகாப் பந்தயத்துல "யாரு ஜெயிப்பாங்க"ன்னு கேக்கறதில்லை. எத்தனை கோல் வித்தியாசம், மொத்த கோல் 2.5-க்கு மேலயா கீழயான்னு தான் கேள்வி. அரை கோல் வெச்சிருக்கறதால டிராவுக்கு எடமே இல்லை, ரெண்டுல ஒண்ணு. அதனால ஃபிக்ஸருக்கு ஒரு அணி தோக்கணும்ங்கற அவசியம் இல்லை, கோல் எண்ணிக்கை போதும். பதினோரு பேரைச் சரிக்கட்டறதை விட நடுவர் ஒருத்தரைச் சரிக்கட்டறது மலிவு. நடுவர் கையில இருக்கற கருவி பெனால்டி, நாலுக்கு மூணு கோலாகும்.

2011 பிப்ரவரி 9, துருக்கி அன்டால்யா. பல்கேரியா 2, எஸ்டோனியா 2. அதே ஊர்ல லாட்வியா 2, பொலிவியா 1. ஏழு கோலும் பெனால்டி. நடுவர், துணை நடுவர் ஆறு பேருக்கு ஆயுள் தடை. 2010 மே 31, போலோக்வானே: தென்னாப்பிரிக்கா 5, குவாத்தமாலா 0. கையில பட்டுதுன்னு சொல்லிக் குடுத்ததே மூணு பெனால்டி. நடுவர் நைஜர் நாட்டு ஷாய்பூ, 2019-ல ஆயுள் தடை. உலகக் கோப்பைக்குப் பதினோரு நாள் இருக்கறப்ப, போட்டி நடத்தற சங்கத்துக்கே நடுவரைச் சப்ளை பண்ணுனது சிங்கப்பூர் ஃபிக்ஸருங்களோட முகமூடிக் கம்பெனி. செலவை நாங்களே பாத்துக்கறோம்னு சொன்னாங்க, சங்கம் ஒத்துக்கிச்சு.

யாராவது இலவசமா நடுவரைக் குடுத்தா அங்கேயே நிறுத்திக் கேக்கணும். ஜில்லா லெவல் செவன்ஸ் நடத்தறவங்களுக்கும் சேத்துத் தான் சொல்றேன்.

நொய்யல் கரை | 11 ஏப்ரல், மாலை 6.30

ஃபிஃபா "அரசாங்கத் தலையீடு"ன்னு சொல்லி நாடுகளைத் தடை பண்ணுதே, அதைக் கொஞ்சம் எழுதுங்க. 2022-ல நம்மளையும் தடை பண்ணாங்க.

நூல்கணக்கு | 12 ஏப்ரல், இரவு 10.20

2022 ஆகஸ்ட் 15 தேதியிட்ட முடிவு. இந்திய சம்மேளனத் தலைவர் பிரஃபுல் படேலோட பதவிக்காலம் 2020 டிசம்பர்லயே முடிஞ்சும் தேர்தல் வெக்கல. 2022 மேயில உச்ச நீதிமன்றம் நிர்வாகக் குழு போட்டுது. அந்தக் குழு, மாநிலச் சங்க ஓட்டுக்குச் சமமா 36 முன்னாள் ஆட்டக்காரங்களுக்கும் ஓட்டுன்னு சொன்னாங்க. அங்க தான் முட்டுச்சு. மூணாம் ஆள் தலையீடுன்னு தடை. கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆசியப் போட்டிக்குத் தாஷ்கண்ட் போய் எறங்கி, ஆடாமலே திரும்பி வந்துது. குழு கலைஞ்சுது, ஆட்டக்காரங்க ஓட்டு போச்சு, 26-ம் தேதி தடை நீங்குச்சு. செப்டம்பர் 2 தேர்தல்ல கல்யாண் சௌபே 33, பாய்சுங் பூட்டியா 1. தேசத்துக்கு ஆடுனவருக்கு ஒரே ஒரு ஓட்டு.

தேர்தலே வெக்காம ஒண்ணரை வருஷம் உக்காந்திருந்தப்ப ஃபிஃபா தடை பண்ணல. கோர்ட்டு வந்தப்புறம் தான் தடை. அரசாங்கம் கை வெக்கக்கூடாதுங்கற விதி நல்லதுக்குத் தான், இல்லைன்னா ஒவ்வொரு மந்திரியும் தனக்கு வேண்டியவரை உக்கார வெப்பாரு. ஆனா அதே விதி உள்ளூர்த் தணிக்கையையும் வெளிய நிறுத்திருது.

பெரிய அரசியல்னு வந்தா விதி வளையும். 1992-ல ஐ.நா. தீர்மானம் 757 வந்து யூகோஸ்லாவியாவை யூரோவுல இருந்து எடுத்தாங்க, பதிலுக்கு வந்த டென்மார்க் கோப்பையை ஜெயிச்சுது. 2022 பிப்ரவரி 28-ல ரஷ்யாவை நிறுத்துனாங்க, உக்ரைனுக்குள்ள படை நுழைஞ்சு நாலு நாள் கழிச்சு. அதே ரஷ்யா 2014-ல கிரிமியாவை எடுத்துக்கிட்டப்புறம் 2018 உலகக் கோப்பையை முழுசா நடத்துச்சு. 2022-ல மத்த நாடுங்க ரஷ்யாவோட ஆடமாட்டோம்னு சொன்னதால தான் கை அசைஞ்சுது.

லெஃப்ட் பேக் | 13 ஏப்ரல், காலை 8.00

நம்ம கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தை மறந்துட்டீங்களே. 2019 மார்ச் 9, சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாப் அணியை 3-1 ஜெயிச்சு ஐ-லீக் சாம்பியன். அந்த வருஷமே சுவிஸ் பாசல் கிளப் 26 சதவீதம் பங்கு வாங்குச்சு. அதே 2019-ல தான் ஐ-லீக்கை ரெண்டாம் படிக்கு எறக்குனாங்க. சாம்பியன் ஆன லீக்குக்கு மதிப்பே போச்சு. 2021-க்கு அப்புறம் அந்த அணியை அந்த லீக்குல காணோம்.

நூல்கணக்கு | 13 ஏப்ரல், காலை 9.25

ஆமாங்க. 2010-ல சம்மேளனம் 15 வருஷத்துக்கு 700 கோடிக்கு எல்லா வணிக உரிமையையும் ஒரே கையில குடுத்துருச்சு. அது லஞ்சம்னு நான் சொல்லல, சொல்ல ஆதாரமும் இல்லை. ஆனா பதினஞ்சு வருஷ ஒப்பந்தம்னாலே நடுவுல வெலை திருத்தற ஷரத்து வேணும். நூல் வெலைக்கு மூணு மாச ஒப்பந்தம் போடறவங்களுக்கு இது புரியும்.

நூல்கணக்கு | 6 ஜூலை, இரவு 9.50

ரெண்டு சேதி. அமெரிக்கக் கேஸுல முன்னாள் ஃபாக்ஸ் டிவி அதிகாரி லோபஸ், டாட்டிசாக் கூட்டுல ஒண்ணான ஃபுல் ப்ளே கம்பெனி ரெண்டு பேர் தண்டனையையும் 2023 செப்டம்பர்ல நீதிபதி ரத்து பண்ணியிருந்தாங்க. வெளிநாட்டுத் தனியார் அமைப்புக்குள்ள நடக்கற லஞ்சத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுங்கற காரணம். இந்த வாரம், ஜூலை 2-ல, மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனையைத் திரும்ப நிலைநிறுத்திருச்சு.

ஜெர்மனி: 2006 உலகக் கோப்பைக் கணக்குல 67 லட்சம் யூரோவைத் தொடக்க விழாச் செலவுன்னு எழுதி ஃபிஃபா வழியா அனுப்பியிருந்தாங்க. உண்மையில அது பழைய கடனைத் திருப்புனது. கடன் தொகை போய்ச் சேர்ந்தது கத்தார்ல பின் ஹம்மாமோட சாரக் கம்பெனிக்கு. எதுக்குன்னு இன்னமும் யாரும் வாயைத் தொறக்கல. ஃபிராங்க்ஃபர்ட் கோர்ட்டு ஜூன்ல ஜெர்மன் சம்மேளனத்துக்கு 1.1 லட்சம் யூரோ அபராதம் போட்டுது. குற்றம்: வரி ஏய்ப்பு. இங்கயும் பாருங்க, பிளேஸர் மாதிரியே வரியில தான் மாட்டுச்சு.

ஊத்துக்குளி ரோடு | 20 ஜூலை, காலை 7.30

நான் தானுங்க ஆரம்பிச்சேன், இப்ப வேற கேள்வி. நம்ம இந்திய லீக் ஐஎஸ்எல்லை நிறுத்தி வெச்சுட்டாங்க, டிசம்பர்ல அந்த 15 வருஷ ஒப்பந்தம் முடியுதாம். அது ஒருபக்கம் இருக்கட்டும். 2034 உலகக் கோப்பை சவூதிக்குப் போனப்ப நம்ம நாடு என்ன ஓட்டுப் போட்டுது?

நூல்கணக்கு | 20 ஜூலை, இரவு 10.40

வரிசையா தேதியை மட்டும் சொல்றேன். 2022 அக்டோபர்: இந்திய சம்மேளனமும் சவூதி சம்மேளனமும் புரிந்துணர்வு ஒப்பந்தம். 2022 டிசம்பர்: 2027 ஆசியக் கோப்பையை நடத்தக் கேட்டிருந்த இந்தியா வெலகிக்கிச்சு, சவூதி மட்டும் மிச்சம். 2023 மார்ச் 4: நம்ம சந்தோஷ் டிராபி ஃபைனல் ரியாத்ல. கர்நாடகா 3, மேகாலயா 2. 2023 அக்டோபர் 4: 2034-க்கு ஆசியாவும் ஓசியானியாவும் மட்டும் கேக்கலாம், 31-ம் தேதிக்குள்ள சொல்லணும்னு ஃபிஃபா அறிவிப்பு. கடைசி நாள் ஆஸ்திரேலியா வெலகிருச்சு, மிச்சம் சவூதி மட்டும். ஒரு டீ-சர்ட் ஆர்டருக்குச் சாம்பிள் அனுப்பி அப்ரூவல் வாங்கவே 27 நாள் பத்தாது.

2024 டிசம்பர் 11-ல முடிவு. 2030-ம் 2034-ம் ஒட்டுக்கா ஒரே தீர்மானம், ஒண்ணை மட்டும் வேண்டாம்னு சொல்ல வழியில்லை. வீடியோ கூட்டம். ஓட்டுச் சீட்டு இல்லை, எண்ணிக்கையும் இல்லை. கேமராவுக்கு முன்னாடி கைதட்டச் சொன்னாங்க, தட்டுனாங்க.